தராசு எந்தப் பக்கம் சாய்கிறது?



"சட்டம் பெண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டது, ஆணுக்கு நீதியில்லை" என்றோர் ஓலம் கேட்கிறது. மயங்காதீர்! சட்டத்தை எடுத்துப் படியுங்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் ஆடவனின் தலையையா கேட்கிறது? இல்லை! அடிக்காதே என்கிறது, வீட்டைவிட்டுத் துரத்தாதே என்கிறது, வயிற்றுக்கு வழிசெய் என்கிறது. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் சிறை. புகாருக்குரியவர் 'வயதுவந்த ஆண்' என்றிருந்த சொற்களையும் 2016இல் உச்சநீதிமன்றம் நீக்கிற்று. கொடுமை இழைத்தவர் பெண்ணாயினும் பதில் சொல்லியே தீரவேண்டும்.

பொய்வழக்கு என்பார்கள். 498அ பிரிவில் புகார் வந்தவுடனே கைது செய்யாதீர் என்று 2014இல், அர்னேஷ்குமார் வழக்கில், உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. அந்தப் பிரிவே இன்று நியாய சன்ஹிதையின் 85ஆம் பிரிவு. வேலி போட்டாயிற்று, இன்னமும் பயிரைப் பிடுங்கச் சொல்வானேன்?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுவதென்ன? மணமான மகளிரில் நூற்றுக்கு 29 பேர் கணவன் கையால் வன்முறை கண்டவர்கள். தமிழ்நாட்டிலோ 38 பேர்! இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர் நூற்றுக்கு 14 பேரே. பொய்ப்புகாரை எண்ணுவோரே, சொல்லப்படாத மெய்ப்புகாரை எண்ணியதுண்டா?

அடிபடும் ஆணும் உண்டு. அவனுக்கும் காப்பு கேட்போம். ஆனால் அவள் குடையைப் பறித்தல்ல!

மேடையிலே சமத்துவம் முழங்குகிறோம். அம்முழக்கம் நம் வீட்டு அடுக்களை வரை எட்டியதா? எட்டாதெனில், நம் கொள்கை வாசற்படியிலேயே வழுக்கி விழுந்ததென்றே பொருள்!