புத்தகப் பையின் அடியில் கிடக்கும் கடிதம்



இந்த வாரம் நாம் சிந்திக்கப்போவது மிகச் சிறிய ஒரு காரியம். தொடக்கப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் அறிவிப்புகளைக் குறித்தே பேச விரும்புகிறேன். சில வேளை அது அரைப்பக்கத் தாளாக வருகிறது. சில வேளை டைரியில் ஆசிரியை எழுதிய இரண்டு வரியாகவும், இப்பொழுதெல்லாம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் விழும் செய்தியாகவும் வருகிறது. "நாளை தடுப்பூசி", "வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்", "ஆதார் நகல் கொண்டு வரவும்" என்பவை போன்ற சிறு வாசகங்களே அவை. இதற்கு ஒரு வாரத் தியானம் தேவையா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். தேவை என்பதே என் தாழ்மையான கருத்து. அந்த இரண்டு வரி சென்று சேராத வீட்டில், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று தனக்குரியதை இழக்கிறது. இழந்தது என்னவென்று அக்குழந்தைக்கும் தெரிவதில்லை. அதன் தாய்க்கும் தெரிவதில்லை.

அந்த அறிவிப்புகளின் பின்னால் என்ன இருக்கிறதென்று சற்றுக் கவனியுங்கள்.

ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படும் என்று பள்ளி அறிவிக்கிறது. அல்பெண்டசோல் என்னும் அந்த மாத்திரையை ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. புழுவின் முட்டைகள் மண்ணின் வழியாகப் பரவுகின்றன. ஒரு குழந்தை மாத்திரை உண்டு, அடுத்த வீட்டுக் குழந்தை உண்ணாதிருந்தால், இருவரும் விளையாடும் அதே மண்ணிலிருந்து புழு திரும்பவும் வந்து சேரும். அன்று வராத குழந்தைகளுக்காகச் சில நாள் கழித்து இன்னொரு நாளும் குறிக்கப்படுகிறது. காய்ச்சலாய் இருக்கும் குழந்தைக்கும், வேறு மருந்து உட்கொண்டிருக்கும் குழந்தைக்கும் அன்றைய தினம் அதைக் கொடுப்பதில்லை. இதைப் பெற்றோர் முன்னறிந்தால் அல்லவா ஆசிரியரிடம் சொல்ல முடியும்?

தடுப்பூசி அறிவிப்பும் அப்படியே. கைக்குழந்தையாய் இருக்கும்போது போட்ட முத்தடுப்பூசியின் பலன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. ஆகவே ஐந்து முதல் ஆறு வயதிற்குள் மறுபடியும் ஓர் ஊக்கத் தவணையும், பத்து வயதில் தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் எதிரான தடுப்பூசியும் குறிக்கப்பட்டுள்ளன. முன்பே எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நம்பி அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் அநேகர். அவர்களுக்குப் பிள்ளையின்மேல் இருக்கும் அன்பில் எந்தக் குறையும் இல்லை. காரணம் விளக்கப்படவில்லை என்பதே குறை.

ஆதார் நகலைக் கேட்டு வரும் அறிவிப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆதார் எடுக்கும்போது கைரேகையும் கருவிழியும் பதிவு செய்யப்படுவதில்லை. ஐந்து வயது நிறைந்தபின் அவற்றைப் பதிவு செய்து புதுப்பிக்கவேண்டும். அதைச் செய்யாத பிள்ளைக்கு, பின்னாளில் உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டிய நேரத்தில் தடை உண்டாகிறது. அன்று அந்தத் தாய் ஒரு நாள் கூலியை இழந்து சேவை மையத்தின் வாசலில் வரிசையில் நிற்பாள்.

இனி, காலை உணவு. தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நம் திருச்சபைகளும் சபைகளைச் சார்ந்த அமைப்புகளும் நடத்தும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் பலவற்றிலும் இன்று முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ உண்டபின் பாடத்துக்குச் செல்கிறார்கள். இது எவ்வளவு பெரிய நன்மை! ஆனால் அந்த உணவு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பரிமாறப்படுகிறது. நேரத்தைச் சரியாய் அறியாத வீட்டுப் பிள்ளை மணி அடிக்கும்போது ஓடிவருகிறது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கின்றன. பசியோடு அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையைக் கவனமில்லாத மாணவன் என்று வகுப்பு தீர்மானித்துவிடுகிறது.

அன்பானவர்களே, இத்தகைய வேளைகளில் நம் வாயிலிருந்து எளிதாய்ப் புறப்படும் சொல் ஒன்று உண்டு. "பொறுப்பில்லாத பெற்றோர்" என்பதே அது. ஆசிரியர்கள் சொல்கிறார்கள், நாமும் தலையசைக்கிறோம். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்று நான் கருதுகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று பள்ளி எண்ணுகிறது. அநேக வீடுகளில் அந்த எண் தகப்பனுடையது. தகப்பனோ திருப்பூரிலோ கேரளத்திலோ கட்டட வேலையில் இருக்கிறான். பிள்ளையோடு இருப்பவள் பாட்டி. அவள் கையில் இருப்பதோ பொத்தான் வைத்த பழைய செல்போன். வேறு சில வீடுகளில் கைபேசி உண்டு. மாதக் கடைசியில் டேட்டா இல்லை. இன்னும் சில வீடுகளில் எல்லாம் இருந்தும், ஐம்பது காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே தடுப்பூசிச் செய்தி அமிழ்ந்துபோகிறது. ஆங்கில வழிப் பள்ளிகளிலோ சுற்றறிக்கை முழுவதும் ஆங்கிலத்திலேயே வருகிறது. பிள்ளை ஆங்கிலம் கற்கவேண்டும் என்று வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்தும் தாய், அந்தப் பள்ளி தனக்கு எழுதும் கடிதத்தை வாசிக்கப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியைத் தேடிப்போகிறாள். தேடிப்போக வெட்கப்படும் தாய் அதை மடித்துப் பையிலேயே வைத்துவிடுகிறாள்.

அனுப்பினோம் என்பது வேறு, சேர்ந்தது என்பது வேறு. வேதத்தில் நெகேமியாவின் நாட்களில் நடந்ததை நினைவுகூருங்கள். எருசலேமின் தண்ணீர்வாசலுக்கு முன்னிருந்த வீதியிலே ஜனங்கள் யாவரும் கூடினார்கள். எஸ்றா நியாயப்பிரமாண நூலைக் காலைமுதல் மத்தியானம்வரை வாசித்தான். வாசித்ததோடு அன்று காரியம் முடிந்துவிடவில்லை. லேவியர் ஜனங்களுக்குள்ளே நின்று, வாசிக்கப்பட்டதன் பொருளை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். பெரியவர்களுக்கு மாத்திரமல்ல, கேட்டு அறியத்தக்க அனைவருக்கும் அது வாசிக்கப்பட்டது. விளங்கியபின்பே அந்த நாள் மகிழ்ச்சியின் நாளாயிற்று. தேவனுடைய வார்த்தைக்கே விளக்கிச் சொல்லுகிறவர்கள் தேவைப்பட்டார்கள் என்றால், பள்ளியின் சுற்றறிக்கைக்குத் தேவைப்படாதா?

இங்கே ஒரு மறுப்பு எழும்பக்கூடும். "பெற்றோருக்குக் கடமை இல்லையா? சினிமாவும் சீரியலும் பார்க்க நேரம் இருக்கிறது, பிள்ளையின் டைரியைப் பார்க்க நேரம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை நான் தள்ளிவிடவில்லை. வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காத பெற்றோர் தங்கள் பிள்ளைக்குக் குறைவு செய்கிறார்கள். ஆனால் தவறு தாயுடையதானாலும் தகப்பனுடையதானாலும், வகுப்பில் எழுந்து நிற்பது பிள்ளை அல்லவா? "உன் வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லையா?" என்று நாற்பது பிள்ளைகள் முன்னே கேட்கப்படுவது அதனிடம்தானே? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், கையெழுத்துப் போடாதவர்களுக்காகக் கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தையைத் தண்டிப்பது நீதியாகாது.

ஆகையால் மூன்று சாராரிடம் என் வேண்டுகோளை வைக்கிறேன்.

முதலாவது, நம் சபையிலுள்ள ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பணிச்சுமையை நான் அறிவேன். பதிவேடுகளும் இணையப் பதிவுகளும் உங்கள் மாலை நேரங்களை விழுங்குகின்றன. ஆயினும் அறிவிப்பைத் தமிழில், ஒரு செய்திக்கு ஒரு காரியமாக எழுதுங்கள். என்ன, எந்த நாள், எத்தனை மணிக்கு, எதைக் கொண்டுவர வேண்டும், ஏன் என்னும் ஐந்தும் அதில் இருந்தால் போதும். எழுத்தோடு உங்கள் குரலையும் அரை நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். வாசிக்க இயலாத பாட்டியும் கேட்டறிவாள். எந்த வீட்டிலிருந்து பதிலே வருவதில்லை என்று கவனித்து, அந்த வீட்டுக்கு மட்டும் தாளில் எழுதியனுப்புங்கள். அப்படிப்பட்ட வீடுகள் ஒரு வகுப்பில் ஐந்தாறுதான் இருக்கும்.

இரண்டாவது, பெற்றோரே, மாலையில் பிள்ளையின் பையை நீங்களே திறந்து பாருங்கள். டைரியைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிள்ளையின் உடல்நிலை, ஒவ்வாமை, வீட்டில் நேர்ந்த மரணம், தகப்பன் வெளியூர் சென்றது ஆகியவற்றை ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். செய்தி பள்ளியிலிருந்து வீட்டுக்கு மட்டும் வரவேண்டியதல்ல, வீட்டிலிருந்து பள்ளிக்கும் செல்லவேண்டியது. மழைக்காலத்தில் விடுமுறை என்று யாரோ அனுப்பிய படத்தை நம்பிப் பகிராதீர்கள். மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார், அதை உறுதிசெய்தபின் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராய் இருக்கவேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாய் இருக்கவேண்டும் என்றும் அதே 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று தெருவில் நின்று முறையிடுகிறோம். அதைப் பதிவு செய்யவேண்டிய கூட்டத்தில் நமக்கென்று ஒதுக்கிய நாற்காலிகள் காலியாய்க் கிடக்கின்றன.

மூன்றாவது, சபையாராகிய நம் அனைவருக்கும். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரம் ஒன்று நமக்கு உண்டு. விவாக அறிவிப்பு வாசிக்கிறோம். பெண்கள் ஐக்கியக் கூட்டம், அசனம், பாடகர் குழுப் பயிற்சி யாவும் சொல்லப்படுகின்றன. அந்த நேரத்தில் அந்த வாரத்துக்குரிய பள்ளிச் செய்திகளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் என்ன? வாலிபர்களில் இருவர் ஆராதனைக்குப்பின் வாசலில் நின்று, யார் எந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தாலும் வாசித்து விளக்கட்டும். படிவத்தை நிரப்ப உதவட்டும். வருகிறவர் நம் சபையைச் சேர்ந்தவரா என்று கேட்கவேண்டாம். தெருவிலுள்ள எந்தப் பிள்ளையும் அந்தப் பள்ளியின் பிள்ளைதான். இது பள்ளியின் வேலை, சபையின் வேலை அல்ல என்று சொல்லுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நம் நாட்டுப்புறங்களில் அநேக இடங்களில் வாரநாட்களில் பள்ளியாயிருந்த அதே கூரைதான் ஞாயிறன்று ஆலயமாயிருந்தது. எழுத்தறியாதவனுக்கு எழுத்தறிவிப்பதைத் தங்கள் ஊழியத்தின் பங்காகவே நம் முன்னோர் எண்ணினார்கள். கடிதத்தை வாசித்துக் காட்டுவது அதைவிடச் சிறிய வேலை.

பெரிய தியாகம் எதையும் இந்த வாரம் நான் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கு இருபுறமும் உள்ள வீடுகளில், தொடக்கப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது, "ஆச்சி, பள்ளிக்கூடத்தில் நாளைக்கு ஊசி போடுகிறார்களாம், தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. தெரியாதிருந்தால், ஒரு குழந்தைக்குச் சேரவேண்டியது அன்று சேரும்.

நம் தெருக்களிலுள்ள சிறு பிள்ளைகள் ஒருவரும் விடுபட்டுப் போகாதபடி, கர்த்தர் நமக்குக் காணும் கண்ணையும் சொல்லும் நாவையும் தந்தருள்வாராக. ஆமென்.