நுழைவுத் தேர்வு கேட்டு ஓர் உண்ணாவிரதம்: ஜாதவ்பூர் சொல்வது என்ன?

நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று மாணவர்கள் போராடுவதைத் தமிழகம் நன்கு அறியும். அதே நுழைவுத் தேர்வு வேண்டும் என்று கேட்டு மாணவர்கள் பட்டினி கிடந்த நகரம் கொல்கத்தா. 2018 ஜூலையில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகக் கலைப்புல மாணவர்கள் நடத்திய அந்தப் போராட்டம் முதல் பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், உயர் கல்வியில் மத்திய அரசு, மாநில அரசு, ஆளுநர் என மும்முனை இழுபறி நிலவும் காலத்தில், அதில் அடங்கியுள்ள கேள்வி தமிழகத்துக்கும் பொருந்தக் கூடியது.

ஆங்கிலம், வங்காளம், ஒப்பிலக்கியம், வரலாறு, அரசியல் அறிவியல், தத்துவம் ஆகிய 6 பாடங்களில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர ஜாதவ்பூரில் நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டு வந்தது. அதை ரத்து செய்து, பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணை மட்டுமே கணக்கில் கொள்வதென 2018 ஜூலை 4-ம் தேதி பல்கலைக்கழக நிர்வாகக் குழு முடிவெடுத்தது. ஒரே புலத்தில் சில பாடங்களுக்கு ஒரு விதி, மற்ற பாடங்களுக்கு வேறு விதி ஏன் என்பது அப்போதைய மாநிலக் கல்வி அமைச்சர் பார்த்தா சாட்டர்ஜியின் கேள்வி.

மாணவர்கள் துணைவேந்தரை முற்றுகையிட்டனர். பின்னர் உண்ணாவிரதத்தில் அமர்ந்தனர். ஆங்கிலம், ஒப்பிலக்கியத் துறைகளின் ஆசிரியர்கள் சேர்க்கைப் பணியிலிருந்து விலகி நிற்கப் போவதாக அறிவித்தனர். ஜூலை 10-ம் தேதி நிர்வாகக் குழு பணிந்தது. மதிப்பெண்ணுக்குப் பாதி, நுழைவுத் தேர்வுக்குப் பாதி என்ற ஏற்பாடு மீண்டும் வந்தது.

யார் நடத்தும் தேர்வு?

தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-ல் சட்டம் இயற்றி ஒழித்த மாநிலம் தமிழகம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான 'க்யூட்' வேண்டாம் என்று 2022 ஏப்ரலில் சட்டப்பேரவையில் தீர்மானமும் நிறைவேற்றியது. இந்தப் பின்னணியில் பார்த்தால் ஜாதவ்பூர் மாணவர்கள் நேர் எதிர்த் திசையில் நின்றதாகத் தோன்றும். உண்மையில் இரு தரப்பும் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: ஒரு கல்வி நிலையத்தில் யார் படிப்பது என்பதை முடிவு செய்வது அந்த மண்ணில் உள்ளவர்களா, வெளியே இருப்பவர்களா?

'க்யூட்' தேர்வில் மாணவர் ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை. கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். ஒரு கவிதையைப் படித்துத் தன் கருத்தைச் சொல்லவோ, ஒரு வரலாற்று நிகழ்வுக்குக் காரணம் தேடவோ ஒருவரால் முடியுமா என்பதை அத்தகைய தேர்வு காட்டாது. பல்வேறு வாரியங்கள் தாராளமாக வழங்கும் பள்ளி மதிப்பெண்ணும் காட்டாது. துறை ஆசிரியரே கேள்வி கேட்டு, அவரே விடைத்தாளைப் படிக்கும்போதுதான் அது புலப்படும் என்பதே கலைப்புலத்தின் வாதம்.

மதிப்பெண் பட்டியல் இருந்தால் முறைகேடு இராது என்ற நம்பிக்கையும் அந்த நாள்களில் தகர்ந்தது. கொல்கத்தாவின் வேறு சில கல்லூரிகளில் இடம் வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பறித்த புகாரில் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த சிலர் 2018 கோடையில்தான் கைதாகினர்.

தேர்வும் போராட்டமும்

ஜாதவ்பூரின் பிறப்பிலேயே தேர்வும் போராட்டமும் பின்னிக் கிடக்கின்றன. 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர்களை ஆங்கில அரசு சுற்றறிக்கை மூலம் மிரட்டியபோது, கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதன் விளைவாக 1906-ல் தேசியக் கல்விக் குழு அமைந்தது. அது தொடங்கிய கல்லூரியின் முதல்வராக அரவிந்தர் பொறுப்பேற்றார். அந்தக் குழுவின் வழியில் வந்ததே 1955-ல் உருவான ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். மறு ஆண்டே, நாட்டின் முதல் ஒப்பிலக்கியத் துறையைக் கவிஞர் புத்ததேவ போஸ் அங்கே நிறுவினார்.

நக்ஸல்பாரி இயக்கம் கொல்கத்தாவை உலுக்கிய காலத்தில் காட்சி மாறியது. தேர்வுகளைப் புறக்கணிக்குமாறு தீவிரவாத மாணவர்கள் விடுத்த அறைகூவலை மீறித் தேர்வு நடத்துவதில் உறுதியாக நின்ற துணைவேந்தர் கோபால் சந்திர சென், ஓய்வு பெறுவதற்கு முதல் நாளான 1970 டிசம்பர் 30-ம் தேதி மாலை வளாகத்திலேயே கொல்லப்பட்டார். தேர்வைப் புறக்கணிக்கும் போராட்டம் துணைவேந்தரின் உயிரைக் குடித்த அதே வளாகத்தில்தான், 48 ஆண்டுகளுக்குப் பின் தேர்வைக் காக்க மாணவர்கள் தங்கள் உடலை வருத்திக் கொண்டனர்.

இடையில் 2014 செப்டம்பர் 16-ம் தேதி நள்ளிரவில் போலீஸார் வளாகத்தில் புகுந்து மாணவர்களைத் தாக்கியதாக எழுந்த போராட்டம், நாடெங்கும் எதிரொலித்தது. 2015 ஜனவரியில் துணைவேந்தர் பதவி விலக நேர்ந்தது.

மறுபக்கம்

எனினும் கலைப்புலத்தின் வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கட்டுரை வடிவிலான தேர்வு, வீட்டில் புத்தக அலமாரி உள்ள கொல்கத்தா குடும்பங்களின் பிள்ளைகளுக்கே அனுகூலம் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. மாவட்டங்களிலிருந்து வங்காள வழியில் படித்து வருபவர் அத்தேர்வில் எப்படித் தேறுகிறார் என்பதே அதன் நேர்மைக்கு அளவுகோல்.

அப்படி வந்து சேர்ந்தவருக்கு வளாகம் பாதுகாப்பளித்ததா என்பது அடுத்த கேள்வி. 2023 ஆகஸ்டில், வங்காள இலக்கியம் பயில வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ராகிங் கொடுமை எனப் புகார் எழுந்து, மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கைதாகினர். போலீஸ் நுழைவையும் கண்காணிப்பு கேமராக்களையும் எதிர்த்துச் சுதந்திரம் பேசிய வளாகம், புதிதாக வந்த ஒரு மாணவரைக் காக்கத் தவறியது. சுயாட்சி என்பது உரிமை மட்டுமல்ல, பொறுப்பும்கூட என்பதை ஜாதவ்பூர் கொடுத்த விலை உணர்த்துகிறது.

நம்பகத்தன்மை

வங்கத்தில் தேர்வின் மீதான நம்பிக்கை வேறு திசையிலிருந்தும் அடி வாங்கியது. கலைப் பட்டதாரிகளுக்கு முக்கிய வாழ்வாதாரம் பள்ளி ஆசிரியர் பணி. 2016-ம் ஆண்டு ஆள்தேர்வில் நடந்த மோசடிகளால், 25,753 ஆசிரியர்கள் மற்றும் அலுவலர்களின் நியமனம் செல்லாது என 2025 ஏப்ரல் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறு செய்யாதவர்களும் வேலை இழந்து வீதிக்கு வந்தனர். இதே விவகாரத்தில்தான் முன்னாள் அமைச்சர் பார்த்தா சாட்டர்ஜி 2022 ஜூலையில் அமலாக்கத் துறையால் கைது செய்யப்பட்டார்.

பல்கலைக்கழக நிர்வாகமோ அரசியல் மோதலில் சிக்கியது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான பூசலில், 2023-ன் நடுப்பகுதி தொடங்கி 2 ஆண்டுகளுக்கும் மேலாக ஜாதவ்பூருக்கு நிரந்தரத் துணைவேந்தர் இல்லாத நிலை இருந்தது. 2023 டிசம்பரில் பட்டமளிப்பு விழாவுக்கு முதல் நாள் இடைக்காலத் துணைவேந்தரை ஆளுநர் நீக்கினார். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, முன்னாள் தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையில் தேர்வுக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. துணைவேந்தர் நியமனத்தில் இத்தகைய மோதல் தமிழகத்துக்கும் புதிதல்ல.

1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது முதல், தில்லிக்கும் மாநிலத் தலைநகரங்களுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீடே நாடாளுமன்ற விவாதங்களை ஆக்கிரமித்து வருகிறது. அந்த விவாதத்தில் மூன்றாவது தரப்பு ஒன்று விடுபட்டுப் போகிறது. அது பல்கலைக்கழகத்தின் துறை. கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவந்தாலும், கேள்வித்தாளைத் தயாரிக்கும் உரிமை ஆசிரியரிடமிருந்து தில்லிக்குப் பதிலாக மாநிலத் தலைமைச் செயலகத்துக்குப் போகுமானால், மாணவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. 2018-ல் ஜாதவ்பூர் ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஓரணியில் நிறுத்தியது இந்த அச்சம்தான்.