இரத்தத்தின் சாக்ஷியம்

சிறுநீரகத்தில் புற்று கண்டு, கோயமுத்தூரில் ரண சிகிச்சையால் அதை அகற்றிக்கொண்டு தாராபுரத்துக்கோ கோபிச்செட்டிபாளையத்துக்கோ திரும்பும் குடியானவர் வைத்தியரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மறுபடியும் வருமுங்களா?" கட்டியின் பருமன், அது பரவிய எல்லை, நுண்ணோக்கியில் காணும் அணுக்களின் தரம் ஆகியவற்றைக் கொண்டே வைத்தியர் விடை சொல்கிறார். இரத்தமும் இதில் சாக்ஷி சொல்லக்கூடுமென்பது பல தேசத்து ஆராய்ச்சிகளில் தெரியவந்திருக்கிறது. சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபின் குறைந்தும், லிம்போசைட்டுகளை நோக்க நியூட்ரோபில்கள் மிகுந்தும், பிளேட்லெட்டுகளும் சி-ரியாக்டிவ் புரதமும் உயர்ந்தும் இருப்போருக்கு நோய் திரும்பும் அபாயம் பொதுவாக அதிகம். புற்று உடலில் மூட்டும் அழற்சியே இதற்குப் பெரும்பாலும் காரணம். இவை மலிவான பரீக்ஷைகள். கம்பெனிகள் ஆரவாரத்துடன் விற்கவரும் புதுச் சரக்குகளல்ல.

ஆயினும் குறுக்கு விசாரணையின்றி இந்தச் சாக்ஷியை நாம் ஏற்பதற்கில்லை. நோய் உடலெங்கும் பரவியவர்களுக்கென 2009-ல் வெளியாகி, இன்று உலகெங்கும் வழங்கும் ஹெங் கணக்கில் ஆறு குறிகள்; அவற்றுள் நான்கு இரத்தத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கா, கனடாவிலுள்ள ஏழு நிலையங்களின் 645 நோயாளிகளைக் கொண்டு அது வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பஞ்சாலையில் உழைக்கும் ஒரு ஸ்திரீயின் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், அது புற்றின் சாக்ஷியமா, அரைவயிற்று உணவின் சாக்ஷியமா? நியூட்ரோபில் கணக்கையும் ஒரு காய்ச்சலே புரட்டிவிடுமே!

இது வீண் தர்க்கமன்று. ரண சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாதிருக்க, அபாயம் மிகுந்தவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தை ஓராண்டு செலுத்தும் முறை 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கே காட்டை விற்றாலொழிய அதை வாங்க இயலாத குடும்பங்கள் பல. அபாயத்தைத் தவறாகக் கணித்தால், வேண்டாதவர் நிலத்தை இழப்பார்; வேண்டியவர் மருந்தின்றிப் போவார். இன்று கட்டியின் நிலையையும் தரத்தையும் பார்த்தே அம்மருந்துக்கு ஆள் தேர்கிறார்கள். இரத்தக் கணக்கையும் அதனுடன் சேர்ப்பதாயின், அது நம் ஜனங்களிடம் சோதித்துப் பார்த்த கணக்காக இருத்தல் வேண்டும்.

ஆகவே நாம் கோருவது பெரிதன்று. கோயமுத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியும் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளும், சிறுநீரகப் புற்றுக்காக ரண சிகிச்சை பெறும் ஒவ்வொருவரின் முன்-இரத்தக் கணக்கையும் ஒரே படிவத்தில் எழுதி வைக்கட்டும். அப்போது காய்ச்சலோ பழைய சோகையோ இருந்ததா என்பதையும் குறிக்கட்டும். ஐந்தாண்டு அவர்களைத் தொடர்ந்து விசாரித்து, யாருக்கு நோய் திரும்பிற்று என்று பதியட்டும். வீடு திரும்புவோர் கையில் அக்கணக்கின் பிரதி ஒன்றும், மறுமுறை வரவேண்டிய தேதியும் தமிழில் எழுதித் தரப்படட்டும்.