எல்லை தாண்டிய வேலைக்கும் பி.எஃப். வேண்டும்

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடி கலிஃபோர்னியா நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுபவருக்கு, அங்கே காலை 9 மணிக் கூட்டம் என்றால் கோடையில் இரவு 9.30, அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு 10.30. விடுப்புக்கு மேலாளரின் அனுமதி வேண்டும். மடிக்கணினிகூடப் பல நேரம் நிறுவனம் கொடுத்தது. ஆனால், ஒப்பந்தத்தில் அவர் ஊழியர் அல்ல, ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பினால்தான் பணம் வரும்.

வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது இதன் பாதிப்பு தெரியும். சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-ம் கேட்பார்கள், இரண்டும் இருக்காது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் சேர்ந்துகொள்ளும். நிறுவனம் 12% போட வேண்டிய பி.எஃப். பங்கு கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. பெண்களுக்குச் சட்டம் தரும் 26 வார மகப்பேறு விடுப்பும் கிடையாது.

வரிச் சலுகைக்காக இதை விரும்பி ஏற்பவர்களும் உண்டு. வேலை பறிபோகும் நாளில் அந்தச் சலுகை கைகொடுக்காது.

நிறுவனங்களின் சிக்கலும் உண்மையானதுதான். இரண்டு பேருக்காக இங்கே ஒரு கம்பெனியைப் பதிவுசெய்து, கணக்காளர் வைத்து, மாதந்தோறும் வரி பிடித்துக் கட்டுவது சிறிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. இங்கிருக்கும் ஊழியரின் பணியைக் காரணம்காட்டி, நிறுவனத்தின் லாபத்துக்கே இந்தியாவில் வரி கேட்பார்களோ என்ற பயமும் உண்டு.

இதற்கு மாற்று இருக்கிறது. டீல், ரிமோட் போன்ற இடைநிலை நிறுவனங்கள் சட்டப்படி வேலை கொடுப்பவராக நின்று, கட்டணம் வாங்கிக்கொண்டு, உள்ளூர் விதிப்படி சம்பளமும் பி.எஃப்.பும் கொடுக்கின்றன. அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தத்தான் பல நிறுவனங்கள் ஒப்பந்ததாரர் என்ற பெயரைப் பிடித்துக்கொள்கின்றன. ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-ல், ஓட்டுநர்கள் ஒப்பந்ததாரர்களே என்ற நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை. காகிதத்தில் என்ன பெயர் என்பதைவிட, நடைமுறையில் வேலை யார் கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதே முக்கியம் என்றது. வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் அதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் கிளை இல்லாத வெளிநாட்டு நிறுவனமும் அங்குள்ள தன் ஊழியருக்காகப் பதிவுசெய்து சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டலாம். கம்பெனி திறக்காமலேயே பி.எஃப். கட்ட இத்தகைய நேர்வழியை மத்திய அரசும் ஏற்படுத்த வேண்டும். அதுவரை, வேலையில் சேர்பவர்கள் டாலர் தொகையை மட்டும் பார்க்காமல், விடுப்பு, நோட்டீஸ் காலம், மருத்துவக் காப்பீடு மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.