பூஜ்யம் போடாதீங்க!

போன வாரம் கம்ப்யூட்டர் ரூம் சுவரில் ஒட்டிய மழை வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்பீங்க. "சூப்பரா இருக்கு"ன்னு நிறைய பேர் சொன்னீங்க. ஆனால் அந்த வரைபடம் தப்பு. தப்பு பண்ணினது நான்தான்.

பசுமைப் படை பிள்ளைகள் நாங்கள் தினமும் காலை 8.30-க்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். வானிலைத் துறையிலும் அதே நேரம்தான். அந்த நோட்டை நான் நோட்பேடில் அடித்தேன். வரிக்கு ஒரு நாள். முதலில் தேதி, ஒரு இடைவெளி, அப்புறம் மில்லிமீட்டர். இதை க்னூபிளாட் என்ற மென்பொருளிடம் கொடுத்து, எந்தப் பத்தி கீழே, எந்தப் பத்தி மேலே என்று சொன்னால் கோடு போட்டுக் கொடுத்துவிடும். 1986-லேயே வந்த மென்பொருள் அது, காசும் கிடையாது.

ஆனால் அது நாம் கொடுப்பதை அப்படியே நம்பும். 12.5 என்று அடிக்கும்போது புள்ளிக்குப் பிறகு தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் 12-ஐ எடுத்துக்கொண்டு, 5-ஐ அடுத்த பத்தி என்று நினைத்துக்கொள்ளும். ஒரு வார்த்தை கேட்காது. (எங்க ஆத்தா இதைவிட நல்லா கேள்வி கேப்பாங்க!)

இப்போ விஷயத்துக்கு வரேன். ஐப்பசியில் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கலெக்டர் மழை லீவு விட்டார் அல்லவா? அடுத்து சனி, ஞாயிறு. ஐந்து நாள் யாரும் மழைமானியைப் பார்க்கவில்லை. நோட்டில் கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் மார்க் போய்விடும் என்ற பழக்கத்தில் நான் ஐந்து இடத்திலும் 0 போட்டேன். திங்கட்கிழமை 131.

படத்தைப் பாருங்கள். மழைக்காக லீவு விட்ட நாளில் ஒரு சொட்டு மழை இல்லை! திங்கட்கிழமை கோடு ஓங்கி நிற்கிறது. ஒரே நாளில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது மிக கனமழை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்க தெருவில் எல்லார் வீட்டிலும் துணி காய்ந்தது. அந்த 131, ஆறு நாள் தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்தது.

"மொத்தம் சரிதானே, விடு"ன்னு என் தோழி சொன்னாள். மாதக் கணக்குக்கு சரிதான். ஆனால் ஜனவரி 26 கிராம சபையில் இந்தப் படத்தைக் காட்டித்தானே வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கப் போகிறோம்? ஆறாம் வகுப்பு அறைக்குள் தண்ணீர் வந்தது வியாழக்கிழமை. சத்துணவு அக்கா கண்ணால் பார்த்தாங்க. "அன்னைக்கு மழையே இல்லைன்னு உங்க படமே சொல்லுதே" என்று யாராவது கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

அமெரிக்காவின் என்.ஓ.ஏ.ஏ. என்ற அரசு நிறுவனம் உலகம் முழுக்க உள்ள நிலையங்களின் தினசரி மழையை டெக்ஸ்ட் கோப்பாகவே வைத்திருக்கிறது. அதில் அளவு இல்லாத நாளுக்கு -9999 என்று இருக்கும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, மழை எப்படி மைனஸில் பெய்யும்? இப்போது யோசித்தால் அதுதான் நல்லது. தெரியாமல் படம் போட்டாலும் கோடு பாதாளத்துக்குப் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். என் 0 அப்படி இல்லை, பார்க்க உண்மை மாதிரியே இருக்கும். பல நாள் மழையைச் சேர்த்து அளந்தால், அந்த மொத்தத்துக்கும் எத்தனை நாள் என்பதற்கும் அதில் தனித்தனிப் பெயரே உண்டு.

நாம் அவ்வளவு செய்ய வேண்டாம். கோப்பில் ஒரு வரியை வெறுமையாக விட்டால் க்னூபிளாட் அங்கே கோட்டை அறுத்துவிடும். # போட்டு எழுதும் வரியை அது படிக்காது, நாம் படிக்கலாம். நான் இப்போது அந்த ஐந்து பூஜ்யத்தையும் எடுத்துவிட்டு, திங்கட்கிழமை வரிக்கு முன்னால் # போட்டு "131, ஆறு நாள் சேர்ந்தது" என்று எழுதிவிட்டேன். நோட்டிலும் காலிக் கட்டத்தை காலியாகவே விடணும், பக்கத்தில் காரணம் எழுதணும் என்பது என் கருத்து. அடுத்த மழை லீவில் தானே போய்ப் பார்த்து எழுதி வைப்பதாக சத்துணவு அக்கா சொல்லியிருக்காங்க.

புதுப் படம் திங்கட்கிழமை ஒட்டப்படும். நடுவில் கோடு அறுந்திருக்கும். தயவுசெய்து யாரும் பென்சிலால் சேர்த்து வைக்காதீங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி