முகமும் பெயரும்

போர்க்களத்திலும் அரசவையிலும் நின்று நிழற்படம் எடுப்போரை உலகம் போற்றுகின்றது. அவர்தம் துணிவு போற்றத்தக்கதே. ஆனால் ஒரு சிற்றூருக்கோ, நகரின் ஒரு பகுதிக்கோ உரிய சிறிய செய்தித்தாளில் பணிபுரியும் இளம் நிழற்படக்காரரை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலர். அவர் எடுப்பவை பள்ளியின் பரிசளிப்பு விழா, தெருவில் புதிதாகத் திறந்த கடை, மணமக்கள், மழையில் இடிந்த சுவர் போன்றவை. 'இவற்றில் என்ன செய்தி இருக்கிறது?' என்று சிலர் நகைப்பர். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவ்வூரார் தேடி அலைவது இப்படங்களைத்தாம் என்பது என் கருத்து. ஆனால் அன்று அவை முழுப்பயன் தரவேண்டுமாயின், முகத்தோடு பெயரும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இதனை ஒருவர் வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிட்ஸ்பர்க் என்பது எஃகு ஆலைகளால் புகழ்பெற்ற நகரம். அந்நகரில் ஹில் என்று வழங்கும் மேட்டுப்பகுதியில் கறுப்பின மக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். சார்லஸ் ஹாரிஸ் என்பவர் 1908-ஆம் ஆண்டில் அந்நகரிலே பிறந்தார். அனைவரும் அவரை 'டீனி' என்னும் செல்லப்பெயராலேயே அழைத்தனர். நிழற்படக் கலையை அவர் பெரிதும் தம் முயற்சியாலேயே கற்றார். முப்பது வயதை எட்டும் பருவத்தில், 1930-களின் பிற்பகுதியில், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்னும் வார இதழுக்குப் படம் எடுக்கத் தொடங்கினார். 1907-இல் தோன்றிய அவ்விதழ் கறுப்பின மக்கள் தமக்கெனத் தாமே நடத்தியது. 1966-இல் அது கைமாறிப் புதிய பெயர் பூண்டபோதும் ஹாரிஸ் அதனை விட்டு அகன்றிலர். 1975 வரை அதற்கே உழைத்தார்.

அக்காலத்தில் அந்நகரின் பெரிய நாளிதழ்களில் கறுப்பினத்தாரின் முகம் பெரும்பாலும் குற்றச் செய்தியின் ஓரத்திலேதான் காணப்பட்டது. அம்மக்கள் மணம் புரிந்ததும், தேவாலயத்தில் பாடியதும், பிள்ளைகள் பந்தாடியதும், உரிமை கேட்டு ஊர்வலம் சென்றதும் அப்பெரிய இதழ்களுக்குச் செய்தியாகத் தோன்றவில்லை. ஹாரிஸோ அவற்றையே நாள்தோறும் எடுத்தார். ஜாக்கி ராபின்சன், லீனா ஹார்ன், மார்ட்டின் லூதர் கிங் முதலிய புகழாளரும் அவருடைய காமிராவின் முன் நின்றதுண்டு. எனினும் அவர்களுடைய படங்கள் வேறிடங்களிலும் கிடைக்கும். தெருமுனையில் நின்ற சிறுமியின் படம் வேறு எங்கே கிடைக்கும்?

அவர் கையாண்ட 'ஸ்பீடு கிராபிக்' என்னும் காமிராவைப் பற்றி இக்காலத்து இளைஞர் அறிந்துகொள்ளுதல் நன்று. அது பெட்டி போன்ற கனத்த கருவி. நான்கு அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள பிலிம் தகடுகள் இரண்டினை ஒரு சட்டத்தின் இருபுறமும் செருகி, அச்சட்டத்தைக் காமிராவின் பின்னே பொருத்துவர். ஒரு படம் எடுத்ததும் மூடுபலகையைச் செருகிச் சட்டத்தைத் திருப்பினால்தான் அடுத்த படம். இரவாயின் பிளாஷ் பல்பு ஒரு முறை எரிந்ததும் பயனற்றுப் போகும். சுடச்சுட அதனைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை செலவும் இத்தனை உழைப்பும் இருந்தன. ஆகவே ஹாரிஸ் பார்த்து, நிறுத்தி, ஒரே ஒரு படம் எடுப்பார், போய்விடுவார். நகரத் தலைவராய் இருந்த டேவிட் லாரன்ஸ் இதனைக் கண்டு அவருக்கு 'ஒன் ஷாட்' என்று பெயரிட்டார். ஒரே எடுப்பில் முடிப்பவர் என்பது அதன் கருத்து. இன்று ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கும் கருவி இளைஞர் கையில் உள்ளது. பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொழுது, எடுக்குமுன் பார்க்கும் பொழுதைத் தின்றுவிடுகிறதோ என்னும் ஐயம் எனக்குண்டு. ஆனால் இது கிழவனின் ஐயமாகவும் இருக்கலாம்.

ஊர் இதழின் வருவாய் சிறிது. அதில் பணிபுரிவார் ஊதியமும் சிறிது. ஹாரிஸ் சென்டர் அவென்யூ என்னும் தெருவில் படக்கூடம் ஒன்றும் நடத்தினார். திருமணப் படமும் குடும்பப் படமும் எடுத்துக் கொடுத்து வாழ்க்கையை நடத்தினார். இத்தொழிலில் இறங்கும் இளைஞர் பலர்க்கும் இன்றும் இதுவே நிலை. காலையில் பள்ளி, நண்பகலில் நகரமன்றக் கூட்டம், மாலையில் விளையாட்டுத் திடல், இரவில் தீப்பிடித்த வீடு என்று அலைந்து, இதழ் அச்சேறும் நேரத்துக்குமுன் படத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவு துன்பத்துக்கிடையே அவருக்குள்ள பெருஞ்செல்வம் ஒன்று உண்டு. அது பழக்கம். வெளியூரிலிருந்து வரும் நிழற்படக்காரர்க்குக் கூட்டம் தெரியும். இவருக்கு ஆட்கள் தெரியும். தீப்பிடித்த வீட்டின் முன் அழுது நிற்கும் தாயை மறுநாட் காலையில் கடைத்தெருவில் இவர் சந்தித்தே ஆகவேண்டும். அந்நினைவு இவர் கையை ஓரளவு கட்டும். கட்டுவதே நன்று என்பேன். 'செய்தியாளனுக்குத் தாட்சணியம் கூடாது' என்பாருடன் நான் உடன்படேன். தாட்சணியம் உள்ளவனுக்கே மக்கள் தம் வாயிலைத் திறப்பர். திறந்த வாயிலின் வழியாகவே உண்மையான படம் கிடைக்கும்.

இனி நிகழ்ந்ததைக் கூறுவேன். 1956-ஆம் ஆண்டில் ஹில் பகுதியின் கீழ்ப்பாகத்தை நகரச் சீரமைப்பு என்னும் பெயரால் இடிக்கத் தொடங்கினர். வீடும் கடையும் தேவாலயமும் தரைமட்டமாயின. ஏறத்தாழ 8,000 மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்விடத்தில் திறந்து மூடும் கூரையுடைய பேரரங்கம் ஒன்று எழுந்து 1961-இல் திறக்கப்பட்டது. அவ்வரங்கமும் நிலைக்கவில்லை, 2012-ஆம் ஆண்டிற்குள் அதனையும் இடித்தகற்றிவிட்டனர். இடிபட்ட தெருக்களின் முடிதிருத்தகமும் இசைக்கூடமும் காய்கறிக் கடையும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், ஹாரிஸின் நெகட்டிவ்களில் இருக்கின்றன என்பதே விடை. அவை 70,000-க்கும் மேற்பட்டவை. அவற்றின் உரிமை பற்றி முதுமையில் அவர் வழக்காடவும் நேர்ந்தது. 1998-இல் அவர் மறைந்தார். 2001-இல் அத்தொகுப்பைக் கார்னகி கலைக்கூடம் அவர் குடும்பத்தாரிடமிருந்து பெற்றுக்கொண்டது.

தொகுப்பைத் திறந்து பார்த்தவர்க்கு ஒரு பெருங்குறை தோன்றிற்று. மிகப் பலவற்றில் பெயரும் இல்லை, நாளும் இல்லை. இது சோம்பலால் நேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அண்டை வீட்டாரின் பெயரை எவரேனும் எழுதி வைப்பரோ? அனைவரையும் அறிந்திருந்தமையாலேயே அவருக்கு எழுதத் தோன்றாமற் போயிருக்கும். அவர் சென்றபின் அவ்வறிவும் உடன் சென்றது.

பிறர் குறையைச் சொல்லும் நான் என் குறையையும் சொல்லவேண்டும். நான் பயின்ற கல்லூரியில் எடுத்த வகுப்புப் படம் ஒன்று என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன் அடியில் ஒட்டியிருந்த பெயர்த்தாள் எந்நாளோ கரையானுக்கு இரையாயிற்று. மூன்றாம் வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் எனக்கு ஓராண்டு முழுதும் சோறு பகிர்ந்தவர். அவர் பெயர் என் நாவில் வருவதில்லை.

ஆதலால் இத்தொழிலுக்கு வரும் இளைஞர்க்கு நான் வேண்டுவது இது. காமிராவோடு ஒரு சிறு குறிப்பேடும் கொள்க. இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு, தலைப்பெழுத்தோடு எழுதி, எழுதியதை அவர்க்கே படித்துக் காட்டுக. இக்காலப் படக்கோப்பினுள்ளேயே பெயரும் இடமும் நாளும் பதிந்துவைக்க வசதி உண்டு. அதனை வெறுமையாக விடற்க. ஆனால் குற்றம் இளைஞருடையது மட்டும் அன்று. ஒரு நாளில் எட்டு நிகழ்ச்சிக்கு அனுப்பிவிட்டு, 'பெயர் எங்கே?' என்று கேட்கும் ஆசிரியர் முறையுடையவர் அல்லர். இடம் போதவில்லை என்று பெயர்களை வெட்டி, 'விழாவில் கலந்துகொண்டோர்' என்று ஒரே சொல்லில் முடிக்கும் ஆசிரியரும் அத்தகையவரே. விளம்பரத்தில் ஓர் அங்குலம் குறைத்தால் ஆறு பேரின் பெயரை அச்சிடலாம். பிழையான பெயரோ பெயர் இன்மையினும் தீது. பெயரில்லாதவரை என்றேனும் ஒருவர் கண்டு சொல்லக்கூடும். பிழைபட்டவரை எவரும் தேடுவதில்லை.

சங்கப் புலவருள் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தோர் அப்புலவர் பாடிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர். கார்னகி கலைக்கூடத்தாரும் ஏறத்தாழ இதையே செய்ய நேர்ந்தது. படங்களை மக்கள் பார்வைக்கு வைத்து, முதியோரை அழைத்துக் காட்டி, பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினர். தம்மையும் தம் பெற்றோரையும் கண்டு சொன்னவர் பலர். எவரும் கண்டு சொல்லாதவரை அணிந்திருந்த உடையாலும் நின்ற இடத்தாலும் குறித்துவைத்தனர். நம் புலவர்க்கு அவர் பாடிய தொடரேனும் எஞ்சிற்று. இவர்க்கு எஞ்சியது வெளிர்நிறச் சட்டையும் கோடிட்ட பாவாடையுமே.