தலையில் விழாத அப்பிள்

ஒவ்வொரு டிசம்பர் 25இலும் நியூட்டன் பிறந்தநாள் எண்டு (பழைய நாட்காட்டிப்படி) ஒரு படம் சுத்தும். மரத்தடி, தலையில் அப்பிள், கீழே ஒரு தன்னம்பிக்கை வசனம். அப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசித்ததாக நியூட்டனே வயசான காலத்தில் சொல்லியிருக்கிறார். தலையில் விழுந்தது பிறகு ஒட்டின கதை. அது பரவாயில்லை. ஈர்ப்பு விதியை ஒரு தனி மனுசனின் ஒரு நிமிச ஞானமாக்குறதுதான் எங்களுக்குப் பொறுக்கேல்லை.

ரொபேட் ஹூக்கை எடுங்கோ. விற்றராசு படிக்கேக்க ஒரு விதியோட வந்துபோறவர். 1679இல் அவரும் நியூட்டனும் கடிதம் எழுதிக்கொண்டினம். விழும் பொருள் பூமிக்குள்ளாலும் போகலாமெண்டால் அதின்ர பாதை எப்படியிருக்கும்? நியூட்டன் மையம் வரைக்கும் சுருளாக ஒரு கோடு கீறி அனுப்பினார். பிழை. ஓம், நியூட்டன்தான். திருத்தினவர் ஹூக். கோள்களின் ஓட்டத்தை நேர்கோட்டு இயக்கமும் மையத்தை நோக்கிய இழுப்பும் சேர்ந்ததாகப் பார்க்கச் சொன்னவரும் அவரே. தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக இழுப்பு குறையும் எண்டு 1680 சனவரியில் எழுதினார்.

உடனே ‘நியூட்டன் கள்ளன்’ எண்டு கிளம்புறவையோடயும் நாங்கள் இல்லை. ஊகிக்கிறது வேற, நிறுவுறது வேற. தன்னட்ட நிறுவல் இருக்கு எண்டு பெருமையடிச்ச ஹூக், கடைசிவரை அதைக் காட்டேல்லை. கணிதத்தைச் செய்து முடிச்சது நியூட்டன்.

ஆனால் 1686இல் ஹூக் தன்ர பங்கைக் கேட்கிறார் எண்டு அறிஞ்சதும், பிரின்சிப்பியாவின் மூன்றாம் பாகத்தையே வெளியிடமாட்டன் எண்டு நியூட்டன் வெருட்டினார். ஹூக்கின் பேரையும் பல இடங்களில் வெட்டினார். சமாதானம் பேசினவர் எட்மண்ட் ஹலி. அச்சுச் செலவும் அவருடையதுதான், ஏனெண்டால் றோயல் சொசைட்டி தன்ர காசை மீன்களைப் பற்றின ஒரு புத்தகத்தில் போட்டு முடிச்சிருந்தது. (அது விற்கவும் இல்லை.) 1687இல் நூல் வந்தது இப்படித்தான்.

இதையெல்லாம் கிளறினால் விஞ்ஞானிகளுக்கு மரியாதை போயிடும் எண்டு சிலர் சொல்லுகினம். மேதைக்குப் பிழை வராது எண்டு நம்பி, ரியூசன் வகுப்பில் பின்வாங்கில் இருந்து கேள்வியை விழுங்கினவை நாங்கள். எங்களுக்கு அந்தச் சுருள் கோட்டை ஒருத்தரும் காட்டேல்லை.

ஹூக் 1703இல் இறந்தார். அதே வருசம் நியூட்டன் றோயல் சொசைட்டியின் தலைவரானார். ஹூக்கினது எண்டு உறுதியாகச் சொல்லக்கூடிய ஓவியம் ஒண்டும் இண்டைக்கு இல்லை. நியூட்டன்தான் அழிச்சவர் எண்டதுக்கு ஆதாரமும் இல்லை. இந்த டிசம்பரில் அப்பிள் படம் போடுறவை, கீழே ஹூக்கின் பேரையும் எழுதுங்கோ. முகம் தேடி மினக்கெடாதேங்கோ.